வெனிஸுக்கு முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பியச் சுற்றுலாத் தொகுப்புகளில் வெனிஸ் நகரை நான்கைந்து மணி நேரத்தில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. காலை பத்து மணிக்குப் படகில் கொண்டுவந்து இறக்கி, சான் மார்க்கோ சதுக்கத்தில் படமெடுக்க வைத்து, ஒரு கண்ணாடிப் பட்டறைக்குள் அழைத்துச் சென்று, மாலைக்குள் மறுபடியும் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போய்வந்தவர்கள், கூட்டம் தாங்கவில்லை, வாய்க்கால் நாறுகிறது, தொட்டதெல்லாம் கொள்ளை விலை என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அவர்கள் பார்த்த நேரத்தில் ஊர் அப்படித்தான் இருந்திருக்கும். ஐம்பதாயிரம் பேர்கூட வசிக்காத ஒரு பழைய தீவு நகரத்தில், உள்ளூர்க்காரர்களைவிட அதிகமானவர்கள் பகல் பொழுதில் வந்து நெரிக்கிறார்கள். அந்தக் கூட்டம் மாலையில் ரயிலேறிப் போன பிறகும், மறுநாள் காலை அது திரும்பி வருவதற்கு முன்பும்தான் வெனிஸ் தன் சொந்த முகத்தோடு இருக்கிறது. ஆகவே முதன்முறை செல்பவர் குறைந்தது இரண்டு இரவுகள், முடிந்தால் மூன்று இரவுகள், தீவுக்குள்ளேயே தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒரு முடிவை ஒட்டியவைதான்.

எந்த மாதத்தில் செல்வது

மார்ச் மாதமும் அக்டோபரின் பிற்பாதியும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புழுக்கமும் கொசுவும் நம் ஊரை நினைவூட்டும். விடுதிக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியை ஒட்டி வரும் முகமூடித் திருவிழாவான கார்னிவல் பார்க்க அழகானது என்றாலும், முதல் பயணத்துக்கு ஏற்றதல்ல. பணத்தை மிச்சப்படுத்த விரும்புகிறவர்கள், குளிரைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால், ஜனவரி முதல் வாரம் கழிந்து கார்னிவல் தொடங்குவதற்கு முன்பு செல்லலாம். மூடுபனி இறங்கிய காலையில் எதிர்க்கரை தெரியாமல் படகின் மணியோசை மட்டும் கேட்கும் அனுபவம் அப்போதுதான் கிடைக்கும்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் செல்பவர்கள் ‘ஆக்வா ஆல்தா’ எனப்படும் உயர் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏற்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். முழுநிலவு, அமாவாசை நாட்களின் ஏற்றத்தோடு தென்கிழக்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்றும் சேர்ந்துகொண்டால், அத்ரியாத்திக் கடல்நீர் நகரைச் சூழ்ந்திருக்கும் காயலுக்குள் புகுந்து தாழ்வான தெருக்களில் ஏறிவிடும். 1966 நவம்பரில் நீர்மட்டம் 194 சென்டிமீட்டரையும், 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டரையும் எட்டியது. அதன் பிறகு நிலைமை பெரிதும் மாறிவிட்டது. காயலின் மூன்று முகத்துவாரங்களிலும் கடலடியில் படுக்க வைக்கப்பட்டுள்ள 78 இரும்புக் கதவுகளை, பெரிய ஓதம் வரும் என்று கணிக்கப்பட்டால் காற்றை நிரப்பி எழுப்பி, கடலை வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மோசே என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பாடு 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக நிஜ ஓதத்துக்கு எதிராகப் பயன்பட்டது. நகரத்திலேயே தாழ்வான இடம் சான் மார்க்கோ சதுக்கம் என்பதால், கதவுகளை எழுப்பும் அளவுக்கு வராத சிறிய ஓதத்திலும் அங்கே கணுக்கால் நீர் தேங்கலாம். அப்படித் தேங்கினால் மேடைப் பலகைகள் போட்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் தேநீர் குடித்துக் காத்திருந்தால் அநேகமாக வடிந்துவிடும். இதற்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை.

விசாவும் நுழைவுக் கட்டணமும்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசியாகப் பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் நேர்காணல் நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே முன்பதிவு செய்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

வெனிஸ் நகராட்சி 2024 முதல் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரையில் அறிவிக்கப்பட்ட சில நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை மட்டுமே இது பொருந்தும். முன்கூட்டிப் பதிவு செய்தால் 5 யூரோ. கடைசி நாட்களில் பதிவு செய்தால் 10 யூரோ. நகர எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் அவர்கள் நகராட்சியின் தளத்தில் விலக்குக்குப் பதிவு செய்து, அங்கே கிடைக்கும் குறியீட்டைக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். விடுதியில் தங்குவதற்கான நகர வரி தனி. அதை விடுதியிலேயே செலுத்தலாம்.

எங்கே தங்குவது

தீவை இணைக்கும் பாலத்துக்கு அப்பால் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் அறைகள் மலிவு. ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் என்பதால் பலரும் அங்கேயே தங்குகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரவு ஒன்பது மணி ஆனதும் ரயில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து நடப்பவருக்கு ஊர் கைவசப்படாது. பணம் இடித்தால் இரண்டு இரவுகளை ஒன்றாகக் குறைத்துக்கொண்டாவது தீவுக்குள் தங்குவது மேல்.

தீவு ஆறு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. சான் மார்க்கோ நடுநாயகமானது, விலை அதிகம். ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நீளும் கன்னரேஜோ முதல் பயணத்துக்கு மிகவும் ஏற்றது: குழந்தைகள் பந்து விளையாடும் சதுக்கங்களும் நியாயமான விலையில் உணவகங்களும் அங்கே இன்னும் மிஞ்சியிருக்கின்றன. 1516-இல் யூதர்களை ஒதுக்கி வைத்து, இரவில் வாயிற்கதவைப் பூட்டிய குடியிருப்பும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ‘கெட்டோ’ என்ற சொல் உலக மொழிகளுக்குப் போனது அந்த இடத்தின் பெயரிலிருந்துதான். தெற்கே பல்கலைக்கழக மாணவர்கள் நடமாடும் தோர்சோதூரோவும், கிழக்கே அமைதியான கஸ்தெல்லோவும் நல்ல தேர்வுகளே.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தைப் பார்ப்பதற்கு முன், அருகிலுள்ள படகு நிறுத்தத்துக்கும் விடுதிக்கும் இடையில் எத்தனை பாலங்கள் உள்ளன என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, ஏறத்தாழ எல்லாமே படிக்கட்டுப் பாலங்கள். முதல் பயணத்தில் இதை எண்ணாமல் அறை எடுத்துவிட்டு, இருபத்துமூன்று கிலோ பெட்டியை ஐந்து பாலங்களுக்கு மேலே தூக்கி இறக்கியதில் எனக்கு இரண்டு நாள் தோள்வலி. மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்களும் நிறைய உண்டு. வயதானவர்களோடு செல்பவர்கள் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊருக்குள் வந்து சேர்தல்

ரயிலில் வருபவர்கள் வெனிஸியா சான்தா லூசியா என்ற கடைசி நிலையத்தில் இறங்க வேண்டும். அவசரத்தில் மெஸ்த்ரேயில் இறங்கிவிடக் கூடாது. நிலையத்தின் கதவைத் தாண்டி வெளியே வந்தால் ஆட்டோ நிறுத்தமோ சாலையோ இருக்காது. அகன்ற படிகளும், அவற்றின் அடியில் பெருங்கால்வாயும், எதிர்க்கரையில் சான் சிமியோனே தேவாலயத்தின் பச்சைக் குவிமாடமும்தான் கண்ணில் படும். உலகில் வேறெந்த ரயில் நிலையத்தின் வாசலும் ஒரு பயணியை இப்படித் திகைக்க வைக்குமா என்பது சந்தேகம்தான்.

விமானத்தில் வருபவர்கள் பேருந்தில் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் பியாட்சாலே ரோமா வந்து, அங்கிருந்து படகு பிடிக்கலாம். மோட்டார் வண்டிகள் வரக்கூடிய கடைசி இடம் அதுதான். விமான நிலையத்திலிருந்தே காயல் வழியாகச் செல்லும் படகுச் சேவையும் உண்டு. நேரம் அதிகமானாலும் முதல் காட்சிக்கு அது சிறந்தது. தனிப் படகு வாடகை நூறு யூரோவைத் தாண்டும் என்பதால் ஐந்தாறு பேர் சேர்ந்து வந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

அந்த விமான நிலையத்துக்கு மார்க்கோ போலோவின் பெயர் வைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்து, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றியும், அங்கே கப்பல்களில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றியும் எழுதி வைத்தவர் அவர். காயல் நகரில் பிறந்தவர் நம் காயலைப் பார்த்துப் போயிருக்கிறார். அவருடைய குடும்ப வீடு இருந்த இடம் ரியால்தோ பாலத்துக்கு அருகே, சான் ஜொவானி கிரிசோஸ்தமோ தேவாலயத்தின் பின்புறம் இருக்கும் ‘மிலியோன்’ முற்றத்தை ஒட்டியது. பழைய பைசாந்தியச் செதுக்கு வளைவு ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. பெரிய கூட்டம் எதுவும் அங்கே வருவதில்லை.

முகவரியும் வழியும்

வெனிஸ் முகவரியில் தெருப்பெயர் பெரும்பாலும் இருக்காது. வட்டாரத்தின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே எண்வரிசை, சில வட்டாரங்களில் அது ஆறாயிரத்தையும் தாண்டும். விடுதியிடம் அருகிலுள்ள சதுக்கத்தின் பெயரையும் படகு நிறுத்தத்தின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதே வழி. ‘கால்லே’ என்றால் சந்து. ‘காம்போ’ என்றால் சதுக்கம், நேர்ப்பொருள் வயல். ‘ரியோ’ சிறு கால்வாய், ‘ஃபொந்தமெந்தா’ கால்வாய்க் கரைப்பாதை, ‘சொத்தோபோர்த்தெகோ’ வீட்டுக்கு அடியில் குகைபோலப் புகுந்து செல்லும் வழி, ‘ரியோ தெரா’ மண்ணடித்துத் தெருவாக்கிய பழைய கால்வாய். இந்த ஐந்தாறு சொற்களைத் தெரிந்துகொண்டாலே சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் எழுதப்பட்ட தெருப்பெயர்கள் பேசத் தொடங்கிவிடும்.

முக்கிய இடங்களுக்கு மஞ்சள் பலகைகள் வழி காட்டும்: ரியால்தோவுக்கு, சான் மார்க்கோவுக்கு, ரயில் நிலையத்துக்கு என்று அம்புக்குறி போட்டிருக்கும். கைபேசி வரைபடம் குறுகிய சந்துகளில் சில வேளைகளில் தடுமாறும். அப்போது பலகையை நம்புங்கள். வழி தவறினாலும் பயமில்லை, தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடலாம்.

படகுப் பேருந்து

நகரப் பேருந்தின் வேலையைச் செய்வது ‘வப்பொரெத்தோ’ என்ற படகு. ஒருமுறைச் சீட்டு 75 நிமிடத்துக்குச் செல்லும், விலை 9.50 யூரோ. அந்த விலையில் மூன்று முறை ஏறினாலே 25 யூரோ ஒருநாள் சீட்டு லாபம் என்பதால், தங்கும் காலத்தைப் பொறுத்து 48 மணி நேரச் சீட்டோ (35 யூரோ) 72 மணி நேரச் சீட்டோ (45 யூரோ) வாங்குங்கள். இவை 2025 நிலவரம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் மேடையில் உள்ள கருவியில் சீட்டைக் காட்டிப் பதிய வேண்டும். கையில் செல்லுபடியாகும் சீட்டு இருந்தும் பதியாமல் ஏறினால் அபராதம் விழலாம்.

ஒன்றாம் எண் படகு பெருங்கால்வாய் முழுவதும் நின்று நின்று செல்லும், இரண்டாம் எண் சில நிறுத்தங்களில் மட்டும் நிற்கும். சிறிய நிறுத்தங்களில் இரு திசைப் படகுகளும் ஒரே மேடைக்கு வருவதால், ஏறுவதற்கு முன் கயிறு கட்டும் பணியாளரிடம் போக வேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஏறி, ரயில் நிலையத்துக்குப் பதிலாக லீதோ தீவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

கொந்தோலா எனும் துடுப்புப் படகுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் அரை மணி நேரத்துக்குப் பகலில் 90 யூரோ, மாலை ஏழு மணிக்குப் பிறகு 110 யூரோ. தலைக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளலாம். அவ்வளவு செலவழிக்க மனமில்லாதவர்கள் ‘த்ரகெத்தோ’வில் ஏறலாம். ரியால்தோ சந்தைக்கும் எதிரே சான்தா சோஃபியாவுக்கும் இடையில் இரண்டு துடுப்புக்காரர்கள் ஒரு பெரிய கொந்தோலாவில் ஆட்களைக் கரை மாற்றுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. இரண்டு மூன்று நிமிடப் பயணம்தான்.

படகையும் சற்று நின்று பாருங்கள். கொந்தோலா நேரானதல்ல. ஒரே ஆள் பின்னால் நின்று வலப்பக்கம் மட்டும் துடுப்புப் போடுவதால், படகு வட்டமடிக்காமல் இருக்க இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலமாகக் கட்டுகிறார்கள். துடுப்பைத் தாங்கும் வளைந்த அக்ரூட் மரக்கட்டையில் ஒவ்வொரு வளைவும் ஒரு வேலைக்கு: முன்னே செல்ல ஒன்று, திரும்ப ஒன்று, பின்வாங்க ஒன்று. தோர்சோதூரோவில் சான் த்ரோவாசோ தேவாலயத்தருகே ஒரு பழைய படகுப் பட்டறை இருக்கிறது. உள்ளே போகத் தேவையில்லை; எதிர்க்கரையில் நின்றால் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்குக் கீல் பூசுவதைப் பார்க்கலாம்.

எதை எப்போது பார்ப்பது

சான் மார்க்கோ பெருங்கோயிலுக்கும் வெனிஸ் குடியரசின் தலைவர்களான தோஜேக்களின் அரண்மனைக்கும் சீட்டுகளை இணையத்தில் முன்பே எடுத்துவிட்டு, திறந்த உடனே முதல் ஆளாக நுழையுங்கள். கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்; சேலை கட்டியவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. உள்ளே கூரையும் வளைவுகளும் பொன் மொசைக்கால் போர்த்தப்பட்டவை. மாடிக் கூடத்துக்குத் தனிச் சீட்டு, அதைத் தவறவிடாதீர்கள். 1204-இல் கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து சூறையாடி வந்த நான்கு குதிரைச் சிலைகளில் அசல் அங்கேதான் இருக்கிறது, வெளிமாடத்தில் நிற்பவை நகல்கள். நெப்போலியன் அவற்றை 1797-இல் பாரிஸுக்குக் கொண்டுபோய், 1815-இல் அவை திரும்பி வந்தன. திருடியவர்களிடமே திருடிய கதை.

அரண்மனையின் பெருமன்றக் கூடத்தில் எல்லோரும் தின்தோரெத்தோவின் பிரமாண்ட ஓவியத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தலையைத் தூக்கிச் சுவரின் உச்சியில் வரிசையாக இருக்கும் தோஜேக்களின் உருவங்களைப் பாருங்கள். ஓரிடத்தில் முகத்துக்குப் பதில் ஒரு கறுப்புத் திரை மட்டும் வரையப்பட்டிருக்கும். குடியரசைக் கவிழ்க்கச் சதி செய்ததற்காக 1355-இல் தலை வெட்டப்பட்ட மரீன் ஃபலியேரின் இடம் அது.

மணிக்கூண்டின் வரிசை நீளமாக இருந்தால் காத்திருக்காதீர்கள். அது பழையதும் அல்ல. பழைய கூண்டு 1902 ஜூலை 14 அன்று காலையில் அப்படியே சரிந்து விழுந்து, அதே வடிவில் 1912-இல் மீண்டும் கட்டப்பட்டது. அங்கிருந்து ஒரே படகு நிறுத்தத்தில் சான் ஜோர்ஜோ மஜோரே தீவு இருக்கிறது. அதன் கோபுரத்திலும் மின்தூக்கி உண்டு, கூட்டம் குறைவு. மேலே நின்றால் சான் மார்க்கோவின் மணிக்கூண்டும் சேர்ந்த காட்சி கிடைக்கும்.

ஒரே ஒரு ஓவியக் கூடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சான் ரோக்கோ மன்றத்துக்குப் போங்கள். தின்தோரெத்தோ 1564 தொடங்கி இருபதாண்டுகளுக்கும் மேலாக அதன் சுவர்களையும் கூரையையும் நிரப்பினார். கழுத்து வலிக்காமல் கூரையைப் பார்க்க அங்கே கைக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை இடுப்பளவில் ஏந்திக்கொண்டு, குனிந்தபடி மேலே பார்க்கலாம்.

சாப்பாடு

ரியால்தோ சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். மீன் கடைகள் ஞாயிறும் திங்களும் இருக்காது. காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சதுக்கத்து இசைக்குழுவோடு கூடிய கடைகளில் இசைக்கும் தனிக்கட்டணம் சேரும். உணவகப் பட்டியலில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஒரு சிறு தொகை இருக்கும். அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

‘பாக்கரோ’ என்ற சிறு மதுக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் ‘சிக்கெத்தி’ எனும் சிற்றுண்டிகள் இந்த ஊரின் சிறப்பு. மது அருந்தாதவர்களும் தாராளமாகப் போகலாம். மீன் சாப்பிடுபவர்கள், வெங்காயமும் காடியும் உலர்திராட்சையும் சேர்த்து ஊறவைத்த மத்தி மீனைக் கட்டாயம் சுவைக்க வேண்டும்; கடலோடிகள் கெடாமல் கொண்டுபோகச் செய்த பண்டம், நம் ஊறுகாய்க்குத் தூரத்து உறவு. சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘பீகொலி இன் சால்சா’ என்ற பாஸ்தா பார்க்க வெறும் வெங்காயக் குழம்புபோல இருந்தாலும் அதில் நெத்திலி கரைந்திருக்கிறது. பட்டாணி அரிசிச் சோறான ‘ரீசி எ பீசி’யிலும் பன்றியிறைச்சி சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள். மரினாரா பிட்சா, காய்கறி வறுவல், கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), சோளமாவுக் களியான பொலெந்தா ஆகியவை பாதுகாப்பானவை.

தெருக்குழாய்களில் வரும் தண்ணீர் குடிக்க உகந்தது, புட்டி வாங்க வேண்டியதில்லை. சான் மார்க்கோ சதுக்கத்தில் தரையிலோ படியிலோ உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் அபராதம். புறாவுக்குத் தீனி போட்டாலும் அபராதம்.

ஒருநாள் தீவுகளுக்கு

ஃபொந்தமெந்தே நோவே படித்துறையிலிருந்து 12-ஆம் எண் படகு முரானோ வழியாக புரானோவுக்குச் செல்கிறது. தீப்பிடிக்கும் அபாயத்தைக் காரணம் காட்டி 1291-இல் கண்ணாடி உலைகளையெல்லாம் முரானோவுக்கு மாற்றினார்கள். இலவசச் செய்முறை காட்டுகிறோம் என்று அழைப்பவர்கள் முடிவில் விற்பனைக் கூடத்தில்தான் கொண்டு நிறுத்துவார்கள். அங்கே நேரத்தைச் சுருக்கிக்கொண்டு, வண்ண வீடுகளின் புரானோவைப் பார்த்து, அங்கிருந்து தோர்செல்லோவுக்குப் போய்விடுங்கள். வெனிஸுக்கு முன்பே செழித்து, பின்னர் சேறு ஏறி, மலேரியா பரவிக் கைவிடப்பட்ட தீவு அது. இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வசிக்கிறார்கள். அதன் பழைய பேராலயத்தில், பொன் பின்னணியில் தன்னந்தனியாக நிற்கும் மரியாளின் மொசைக் உருவத்துக்காக மட்டுமே இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம்.

கடைசி இரவு

இரவு பத்து மணிக்கு மேல் சான் மார்க்கோ அருகே ஒன்றாம் எண் படகில் ஏறுங்கள். முன்புறம் திறந்த இருக்கைகள் உள்ள படகு வந்தால் அங்கே உட்காருங்கள், இல்லையென்றால் நடுவே கைப்பிடிக் கம்பியருகே நின்றுகொள்ளுங்கள். பியாட்சாலே ரோமா வரை ஏறத்தாழ நாற்பது நிமிடம். பகலில் மூடிக் கிடப்பதுபோலத் தோன்றிய மாளிகைகளில் சில சன்னல்கள் அப்போது திறந்திருக்கும். உள்ளே விளக்கு எரிந்தால் படகிலிருந்து பார்ப்பவருக்குக் கூரை மட்டும் தெரியும்: வண்ணம் தீட்டிய மரவிட்டங்கள், ஒரு கண்ணாடிச் சரவிளக்கு, எப்போதாவது அதன் அடியில் குறுக்கே நகரும் ஒரு நிழல்.